பெரியவர்களுக்கான மரப் பேஸ்பால் பேட்டைத் தேர்ந்தெடுத்தல்: மரத்தின் ரேகை முதல் பிடியின் தடிமன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அலுமினியப் பேட்டில் பல ஆண்டுகள் ஆடிய ஒருவர் மரப் பேட்டுக்கு மாறும்போது, நீளம், எடை என்ற இரண்டு எண்களைப் பார்த்தே முடிவெடுப்பது வழக்கம். உலோகப் பேட்டுக்கு அந்த முறை ஓரளவு பொருந்தும். ஒரே அச்சில் உருவான ஆயிரம் பேட்டுகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மரப் பேட் அப்படியன்று. ஒரே வடிவ எண்ணும் ஒரே நீளமும் பொறிக்கப்பட்ட இரண்டு பேட்டுகள் வெவ்வேறு மரங்களிலிருந்து, வெவ்வேறு அடர்த்தியோடும் வெவ்வேறு இழை ஓட்டத்தோடும் வந்திருக்கும். ஒன்று ஒரு பருவம் முழுவதும் தாங்க, மற்றொன்று முதல் வாரத்திலேயே பிடியருகே முறிந்துபோகலாம். ஆகவே மரத்தை முதலில் பார்ப்பது, பிறகு வடிவத்தைப் பார்ப்பது, எண்களைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசையையே இந்த வழிகாட்டி பின்பற்றுகிறது.

முதல் படி: நீங்கள் ஆடும் லீகின் விதியை அறிதல்

இது சிறிய வேலைதான், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியது. அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டித் தொடரான மேஜர் லீக்கின் விதிப்படி பேட் ஒரே துண்டுத் திடமரத்தால் ஆனதாக, உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். மிகத் தடித்த இடத்தில் விட்டம் 2.61 அங்குலத்தையும் (சுமார் 6.6 செ.மீ.), நீளம் 42 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. பெரியவர்களுக்கான பல மரப் பேட் லீகுகள் இதே விதியையோ இதையொட்டிய விதியையோ கடைப்பிடிக்கின்றன. சில லீகுகள் ஒட்டுமூங்கில் பேட்டுகளையும், மரத்தோடு செயற்கை இழைகள் சேர்த்த கலவைப் பேட்டுகளையும் அனுமதிக்கின்றன. சில அறவே மறுக்கின்றன. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் ஒரே துண்டு மரத்தால் ஆகாத எந்தப் பேட்டுக்கும் பிபிகோர் முத்திரை (பந்து பேட்டிலிருந்து எழும் வேகம் வரம்புக்குள் இருப்பதைச் சான்றளிப்பது) கட்டாயம். மூங்கில் பேட்டோ கலவைப் பேட்டோ வாங்க நினைப்பவர் தம் லீகின் எழுத்து வடிவ விதியைப் பார்த்துவிட்டு வாங்குவதே முறை.

இரண்டாம் படி: மரவகையைத் தேர்ந்தெடுத்தல்

இன்று கடைக்கு வரும் பேட்டுகளில் பெரும்பாலானவை மேப்பிள், ஆஷ், பிர்ச் ஆகிய மூன்று மரங்களில் கடையப்படுபவை.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது வெள்ளை ஆஷ். பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலக் காடுகளில் வளர்ந்த ஆஷ் இதற்குப் பெயர்போனது. ஆண்டுதோறும் வளரும் வளையத்தில் துளைகள் ஒரு பட்டையாகத் திரண்டிருக்கும் மரம் இது. அதனால் ரேகைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், மரத்துக்குச் சற்று நெகிழ்வும் இருக்கும். பந்து பிடிப்பக்கமாகப் பட்டுவிட்டாலும் ஆஷ் கொஞ்சம் வளைந்து கொடுத்து மீளும். குறை என்னவென்றால், திரும்பத் திரும்ப அடிபடும் இடத்தில் துளைப்பட்டைகள் நசுங்கி, மரம் ஏடுஏடாக உரிந்து சிராய் கிளம்பும். மரகத ஆஷ் துளைப்பான் என்று சொல்லத்தக்க ஒரு பச்சை வண்டு 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. ஆஷ் மரங்களைப் பெருமளவில் கொன்றுவரும் பூச்சி அது. நல்ல ஆஷ் கட்டை கிடைப்பது முன்பைவிட அரிதாகிவிட்டதற்கு அது முக்கியக் காரணம்.

மேப்பிள் பேட்டுகளை 1990-களின் பிற்பகுதியில் பெரிய ஆட்டங்களுக்குக் கொண்டுவந்தவர், கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த தச்சர் சாம் ஹோல்மன். பாரி பாண்ட்ஸ் 2001-இல் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்தது மேப்பிள் பேட்டால்தான். அதன்பின் மற்ற ஆட்டக்காரர்களும் விரைந்து மேப்பிளுக்கு மாறினர். இதில் துளைகள் வளையம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதால் மேற்பரப்பு ஏடாக உரியாது, அடிபடும் இடம் கடினமாகவே நிற்கும். ஆனால் முறியும்போது மேப்பிள் எச்சரிக்கை தருவது குறைவு. இழை ஓட்டம் சாய்ந்திருந்தால் இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு களத்தில் பறக்கும்.

மஞ்சள் பிர்ச் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மேப்பிளைப் போலவே ஏடாக உரிவதில்லை. ஆஷைப் போலச் சிறிது நெகிழும். புதிதாக இருக்கும்போது மேற்பரப்பு சற்று மென்மையாக இருந்து, அடிபட அடிபடத்தான் இறுகும். உலோகத்திலிருந்து முதன்முறையாக மரத்துக்கு வருபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பிர்ச்தான். ஸ்வீட் ஸ்பாட்டுக்கு, அதாவது பந்து பட்டால் அதிர்வு குறைந்து அடி சிறக்கும் இடத்துக்கு, வெளியே பந்தைத் தொடும் பழக்கம் மாறும்வரை அந்த நெகிழ்வு பேட்டையும் காக்கும், கைகளையும் காக்கும்.

பேப் ரூத் காலத்தில் ஹிக்கரி மரம் பரவலாக இருந்தது. அவர் 40 அவுன்ஸுக்கும் மேற்பட்ட பேட்டுகளைச் சுழற்றியவர். இன்றைய பந்துவீச்சின் வேகத்துக்கு அந்த எடை ஒத்துவராததால் ஹிக்கரி வழக்கொழிந்தது. மூங்கில் பேட் என்பது மெல்லிய பட்டைகளை அழுத்தி ஒட்டிக் கடைந்தது. அது நெடுநாள் உழைக்கும், பயிற்சிக்கு நல்லது. ஆனால் திடமரம் கையில் தரும் உணர்வு அதில் வேறுபடும் என்பதால், ஆட்டத்துக்கு ஒன்றும் பயிற்சிக்கு ஒன்றுமாக வைத்திருப்பவர் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: இழை ஓட்டத்தைப் படித்தல்

ஒரு மரப் பேட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. மரம் தன் இழைகளின் நீளவாட்டில் வலிமையானது; இழைகளுக்குக் குறுக்கே எளிதில் பிளக்கும். பிடி முதல் தலைப்பகுதி வரை இழைகள் நேராக ஓடினால், அடியின் விசையை நீண்ட இழைகள் தாங்கும். இழைகள் சாய்ந்து ஓடிப் பேட்டின் பக்கவாட்டில் வெளியேறினால், வெடிப்பு அந்தச் சாய்வின் வழியே ஓடிப் பேட்டைத் துண்டாக்கிவிடும். பேட் மிக மெலிந்திருப்பதும், வளைவு விசை மிகுந்திருப்பதும் பிடியையொட்டிய பகுதியில்தான். ஆகவே அங்குள்ள இழை ஓட்டமே முதன்மையானது.

2008-இல் மேஜர் லீக் ஆட்டங்களில் பேட்டுகள் பல துண்டுகளாகச் சிதறுவது பெருங்கவலையானபோது, விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வகம் முறிந்த பேட்டுகளை ஆராய்ந்தது. இழைச் சாய்வே முதன்மைக் குற்றவாளி என்று தெரியவந்தது. அதன் விளைவாக, மேப்பிள், பிர்ச் பேட்டுகளின் பிடியில் ஒரு மைத்துளி இட்டு இழைச் சாய்வைக் காட்டும் முறை 2009 முதல் வந்தது. மை, மரத்தின் நுண்துளைகள் வழியே இழை போகும் திசையிலேயே கசியும். அந்தக் கசிவுக்கோடு பேட்டின் நீள அச்சிலிருந்து 3 பாகைக்கு மேல் விலகக்கூடாது என்பது அளவுகோல். 3 பாகை என்பது 10 செ.மீ. நீளத்தில் ஏறத்தாழ 5 மி.மீ. விலகல். இந்த நடவடிக்கைகளுக்குப் பின் சிதறும் பேட்டுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தது.

மைத்துளி ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டோம். பேட்டின் மேல் நாம் காணும் கோடுகள் ஆண்டு வளையங்களின் கோடுகள். ஒரு புத்தகத்தின் பக்க ஓரங்களைப் பார்ப்பது போல நெருக்கமான நேர்கோடுகள் தெரியும் பக்கம் ஒன்று. அதே புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பது போல, அகன்ற வளைவுகளாகத் தெரியும் பக்கம் மற்றொன்று. முதலாவதை ஓரப்பக்கம் என்றும் இரண்டாவதை அகலப்பக்கம் என்றும் இங்கே குறிப்போம். ஓரப்பக்கத்தில் கோடுகள் நேராக இருந்தாலும், அகலப்பக்கத்தில் இழைகள் சாய்ந்திருக்கக் கூடும். ஆஷ் மரத்தில் துளைகள் பெரியவை என்பதால் அச்சாய்வைக் கண்ணால் காணலாம். மேப்பிளிலும் பிர்ச்சிலும் உற்றுப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே இவ்விரு மரங்களில் வாங்கும்போது மைத்துளி உள்ள பேட்டையே கேட்டு வாங்குவது நல்லது. மைத்துளி இருப்பது மட்டும் போதாது. அதன் கசிவு பேட்டின் நீளவாட்டில் நேராகப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆஷில் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். ஓரப்பக்கக் கோடுகள் பிடி முதல் நுனி வரை முறியாமல் ஓட வேண்டும். அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 12 வளையங்கள் இருப்பது பலரும் விரும்பும் அளவு. மேப்பிளில் வளையங்களை எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை. எந்த மரமானாலும் பிடியில் கணு இருந்தால் அந்தப் பேட்டை விட்டுவிடுங்கள். தலைப்பகுதியில் உள்ள சிறு கணு அவ்வளவு தீங்கானதன்று.

பிடியை அடர்ந்த கறுப்பு வண்ணத்தில் மூடியிருக்கும் பேட்டுகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் வண்ணத்துக்கு அடியில் என்ன இழை ஓடுகிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தலைப்பகுதி எந்த நிறத்தில் இருந்தாலும், பிடி இயற்கை நிறத்தில் விடப்பட்ட பேட்டை வாங்குங்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

நான்காம் படி: எடையை அடர்த்தியோடு சேர்த்துப் பார்த்தல்

வாங்குபவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது. பேட் விற்பனையில் நீளத்தின் அங்குல எண்ணிலிருந்து எடையின் அவுன்ஸ் எண்ணைக் கழித்து வரும் வேறுபாட்டைக் குறிப்பிடுவார்கள்; 33 அங்குலமும் 30 அவுன்ஸும் (சுமார் 850 கிராம்) உள்ள பேட் மைனஸ் 3 எனப்படும். உலோகப் பேட்டில் அந்த வேறுபாட்டைச் சுவரின் தடிமனை மாற்றிப் பெற முடியும். திடமரத்தில் அப்படி எடுக்க இடமில்லை. எடை என்பது கன அளவையும் அடர்த்தியையும் பெருக்கினால் வருவது. வடிவம் ஒன்றாக இருக்க எடை மட்டும் குறைந்தால், மரம் அடர்த்தி குறைந்தது என்பதுதான் பொருள். ஒரே வடிவத்தில் கடைந்த 32 அவுன்ஸ் பேட்டுக்குப் பதிலாக 30 அவுன்ஸ் பேட்டைக் கேட்கும்போது, சுமார் 6 விழுக்காடு அடர்த்தி குறைந்த மரத்தையே நாம் கேட்கிறோம். அடர்த்தி குறையக் குறைய மேற்பரப்பின் கடினமும் முறிவைத் தாங்கும் வலுவும் குறையும். மேப்பிளில் இது மேலும் தெளிவாகத் தெரியும்.

ஆகவே பெரிய தலைப்பகுதி, மெல்லிய பிடி, மைனஸ் 3 எடை ஆகிய மூன்றையும் ஒரே மேப்பிள் பேட்டில் எதிர்பார்ப்பவர், தம்மை அறியாமலே எளிதில் முறியும் பேட்டைத் தேடுகிறார். இலகுவான பேட் வேண்டுமென்றால் எடையை மரத்திலிருந்து குறைக்காமல் வடிவத்திலிருந்து குறைக்க வேண்டும்: தலைப்பகுதி சற்றுச் சிறிய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அரை அங்குலம் நீளத்தைக் குறைக்கலாம், நுனியில் கிண்ணம் போலக் குழிவெட்டிய பேட்டை வாங்கலாம். அந்தக் குழிவு வடிவத்தைப் பொறுத்து அரை அவுன்ஸ் முதல் ஓர் அவுன்ஸ் வரை எடையைக் குறைக்கும். குறையும் எடை நுனியிலிருந்து போவதால், சுழற்றும்போது அதைவிட அதிகமாகவே இலகுவாகத் தோன்றும். அடர்ந்த மரத்தில் கடைந்த சிறிய தலைப் பேட், அடர்த்தி குறைந்த பெரிய தலைப் பேட்டைவிடப் பந்தை உறுதியாகத் திருப்பி அனுப்பும், நீண்ட நாள் வரும் என்பதே என் தீர்ப்பு.

பெரியவர்களுக்குப் பொதுவாக மைனஸ் 2 அல்லது மைனஸ் 3 பொருந்தும். உடல் வலிமை மிக்கவருக்கு மைனஸ் 1 கூடச் சரியாக இருக்கலாம். பொறித்திருக்கும் எண்ணை நம்பாமல் ஒரு துல்லியத் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. மரம் காற்றின் ஈரத்தை உள்வாங்குவதால், பட்டறையிலிருந்து வெளிவந்தபோது இருந்த எடை கடைக்கு வரும்போது சற்றுக் கூடியிருக்கலாம்.

ஐந்தாம் படி: நீளம்

மரப் பேட்டுகளில் பெரியவர்கள் பெரும்பாலும் ஆடுவது 32 முதல் 34 அங்குலம் வரை (81 முதல் 86 செ.மீ.), நடுவான 33 பலருக்கும் ஒத்துவரும். கையை நீட்டி மார்பின் நடுவிலிருந்து விரல் நுனி வரை அளப்பது தொடக்கத்துக்கு உதவும். அதைவிட நம்பகமானது, உங்கள் வழக்கமான நிலையில் ஹோம் பிளேட் என்ற தரைத்தட்டின் அருகே நின்று பேட்டை நீட்டி, அத்தட்டின் வெளி ஓரத்தைப் பேட்டின் நுனியால் தொடாமல் ஸ்வீட் ஸ்பாட்டால் தொட முடிகிறதா என்று பார்ப்பது. மரப் பேட்டின் ஸ்வீட் ஸ்பாட் நுனியிலிருந்து சுமார் 5 முதல் 7 அங்குலம் உள்ளே, உலோகப் பேட்டைவிடக் குறுகிய பரப்பில் அமைந்திருக்கும். நீளத்தைக் கூட்டினால் எட்டும் தூரம் கூடும். ஆனால் எடை நுனிப்பக்கம் தள்ளிப்போவதால் சுழற்சி மந்தமாகும். உலோகத்தில் 34 ஆடியவர் மரத்தில் 33-க்கு இறங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

ஆறாம் படி: வடிவம், பிடி, குமிழ்

மரப் பேட்டுகளின் வடிவங்கள் எண்களால் அறியப்படுகின்றன. லூயிவில் ஸ்லகர் நிறுவனம் தொடங்கிய பழக்கம் இது. ஒரு வடிவத்தை முதலில் கேட்டு வாங்கிய ஆட்டக்காரரின் குடும்பப்பெயரின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து பெயராகும். டெரெக் ஜீட்டர் தம் தொழில்முறை ஆட்டக்காலம் நெடுகப் பயன்படுத்திய பி72 என்ற வடிவத்தின் பெயர், அவர் ஓய்வுபெற்ற 2014-இல் அவருக்கு மரியாதையாக விலக்கிவைக்கப்பட்டது. பிற பட்டறைகளும் இந்த எண்களையே பின்பற்றுவதால் ஒருசிலவற்றை அறிந்துவைப்பது பயன்தரும். 271 நடுத்தரப் பிடியும் சமமாகப் பரவிய எடையும் உள்ளது. மரத்துக்குப் புதிதாக வருபவர் இதிலிருந்து தொடங்கலாம். 110 தடித்த பிடி உடையது. தலையும் பிடியும் படிப்படியாக இணைவதால் எடை கைப்பக்கமாக நிற்கும், முறிவதும் குறைவு. 243-இல் பிடி மெலிந்து தலை பெருத்திருக்கும். எடை நுனியில் கூடும். ஐ13 வடிவமும் பெரிய தலை கொண்டதே. நுனியெடை கூடிய வடிவங்கள், பந்தைப் பேட்டின் சரியான இடத்தில் சந்திக்கக் கற்றுவிட்ட வலிமையான பேட்டர்களுக்கு உரியவை. கற்றுக்கொண்டிருப்பவருக்கு அவை செலவையே கூட்டும்.

2025 மார்ச்சில் நியூயார்க் யாங்கீஸ் அணி ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன் அடித்தபின் டார்பிடோ பேட் பற்றிய பேச்சு எங்கும் பரவியது. தலைப்பகுதியின் மிகத் தடித்த இடத்தை நுனியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நுனியை ஒடுக்கிய வடிவம் அது. விட்ட வரம்புக்குள் இருப்பதால் விதிக்கு உட்பட்டதே. பந்தைத் தொடர்ந்து பிடிப்பக்கமாகவே சந்திக்கும் பேட்டருக்கு அது பொருந்தக்கூடும். அந்த ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்த அனைவரும் அந்த வடிவத்தைப் பயன்படுத்தவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிடியின் தடிமனைக் கையின் அளவும் பழக்கமும் முடிவுசெய்யட்டும். ஐயமிருந்தால் தடித்த பக்கமே சாயுங்கள். பிடி சிறிது தடித்தாலும் முறிவைத் தாங்கும் வலு வெகுவாகக் கூடும், கைக்குள் வரும் அதிர்வும் குறையும். பிடியின் அடிமுனையில் உள்ள குமிழைப் பொறுத்தவரை, கீழ்க்கையின் சுண்டுவிரல் அதன்மேல் உரசிக் காய்ப்பு ஏற்படுத்தாமல் இருந்தால் போதும். மணி போல விரிந்த குமிழைச் சிலரும், கோடரிப் பிடி போன்ற சாய்வுக் குமிழைச் சிலரும் விரும்புகின்றனர்.

ஏழாம் படி: கையில் எடுத்துச் சோதித்தல்

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று பேட்டுகளை ஒரு சமதளப் பலகைமேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடி உருளும் பேட் வளைந்தது. பிறகு குமிழைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, தலைப்பகுதியை விரல் மூட்டாலோ மற்றொரு பேட்டாலோ மெல்லத் தட்டுங்கள். கணீரென்ற உயர்ந்த ஒலி இறுகிய மரத்தையும், மந்தமான ஒலி மென்மரத்தையோ உள்வெடிப்பையோ உணர்த்தும். ஒரே மரவகை, ஒரே வடிவம் உள்ள பேட்டுகளை ஒப்பிடும்போதுதான் இச்சோதனைக்குப் பொருளுண்டு. மூன்றாவதாக, கீழ்க்கையால் மட்டும் பேட்டைப் பக்கவாட்டில் நேராக நீட்டி 30 வினாடி பிடியுங்கள். அதற்குள் கை நடுங்கித் தாழ்ந்தால் அந்த எடைப் பரவல் உங்களுக்கு அதிகம். வாய்ப்பிருந்தால் டீ எனப்படும் பந்து தாங்கும் கம்பத்தில் வைத்த பந்தைச் சில முறை அடித்துப் பாருங்கள். வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக, ஒரே மரம், ஒரே வடிவம், ஒரே எடையில் வாங்குவது அறிவுடைமை. முதல் பேட் முறிந்த நாளில் வேறு எடைக்குக் கையைப் பழக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எட்டாம் படி: சரியான பக்கத்தால் அடித்தலும் பராமரிப்பும்

நல்ல பேட்டைத் தவறான பக்கத்தால் அடித்தே முறித்துவிடுபவர்கள் ஏராளம். ஆஷ் பேட்டில் பந்து ஓரப்பக்கத்தில் படவேண்டும். மேப்பிள், பிர்ச் பேட்டுகளில் அகலப்பக்கத்தில் படவேண்டும். பேட்டர் இதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. பட்டறையார் முத்திரையை இதற்கேற்ற இடத்தில்தான் பொறிக்கின்றனர்; பந்தைச் சந்திக்கும் நொடியில் முத்திரை வானத்தையோ தரையையோ பார்த்திருந்தால் போதும். மேப்பிளில் மைத்துளி உள்ள பக்கமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கமோ பந்தைச் சந்திக்கும். பேட்டை அவ்வப்போது அரைச்சுற்றுத் திருப்பி இரு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஆயுள் நீளும்.

ஆஷ், பிர்ச் பேட்டுகளின் அடிபடும் பகுதியை வழவழப்பான எலும்பாலோ கண்ணாடிப் புட்டியாலோ இழைவாட்டில் அழுத்தித் தேய்ப்பது மேற்பரப்பை இறுக்கும். பிடி வழுக்காமல் இருக்க உதவும் ஒட்டும் பசையான பைன் டார் பூசுவதாக இருந்தால் பிடியின் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். பந்தெறியும் எந்திரத்தில் பயன்படும் குழிகள் நிறைந்த ரப்பர் பந்துகளை ஆட்டத்துக்கான பேட்டால் அடிக்காதீர்கள்; அவை மேற்பரப்பை நசுக்கும். வெயிலில் நிற்கும் காரிலும், ஈரத் தரையிலும், கடுங்குளிரிலும் பேட்டை விட்டுவைக்கக் கூடாது. மிகுந்த வறட்சி மரத்தை நொறுங்கத்தக்கதாக்கும். ஈரம் எடையைக் கூட்டி மேற்பரப்பை மென்மையாக்கும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் பிடியைச் சுற்றி நகத்தால் வருடி, மயிரிழை வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பிடியில் வெடிப்புத் தட்டிய பேட்டை நாடாச் சுற்றியோ பசை இட்டோ மீண்டும் களத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அது பிளந்து பறந்தால் எதிரே 60 அடி 6 அங்குலத்தில் நிற்கும் பிட்சருக்கு விலக நேரமிருக்காது. தலைப்பகுதியில் ஏடு கிளம்பிய ஆஷ் பேட்டைச் சிறிது காலம் டீ பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். உரிந்த ஏட்டின் கீழ் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தபின் அதையும் கழித்துவிட வேண்டும்.